சட்டம் படிக்க வாங்கிய கல்விக் கடன்: எட்டாவது ஆண்டில் ஒரு மதிப்பீடு

குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்யும் குடும்பத்தில் பிறந்து, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முழுக்க முழுக்கக் கல்விக் கடனில் முடித்து, இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என் கடனின் முதல் தவணை கல்லூரிக் கணக்குக்குப் போனது. 2024 ஜூலை முதல் மாதத் தவணை கட்டி வருகிறேன். வாங்கிய அன்றைக்கு எழுதியிருந்தால் நன்றியை மட்டுமே எழுதியிருப்பேன், தவணை தொடங்கிய மாதத்தில் எழுதியிருந்தால் கோபத்தை மட்டுமே எழுதியிருப்பேன். இரண்டும் தணிந்த பிறகு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் சட்டக் கல்லூரியில் சேரும் முன் படித்துப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: ஒரு பிள்ளையைக் கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை இந்தக் கடன் நன்றாகவே செய்கிறது. ஆனால் படித்து முடித்த கையோடு சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளரை மனத்தில் வைத்துத் திருப்பிச் செலுத்தும் காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஓர் இளம் வழக்கறிஞரின் முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு அதில் இடமே இல்லை.

எங்கள் ஊரில் எல்லோரும் இதை 'கவர்மெண்ட் லோன்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரே பல தவறுகளுக்குக் காரணமாக இருப்பதால் அதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். கடன் கொடுப்பது வங்கி. பணம் வங்கியின் பணம். விதிமுறைகள் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைப் பின்பற்றியவை. மத்திய அரசு இதில் இரண்டு இடங்களில் வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்குமான வட்டியை மாணவருக்காக அரசு செலுத்துகிறது. 2009இல் தொடங்கிய இந்த வட்டி மானியத் திட்டத்துக்குக் கனரா வங்கி பொறுப்பு வங்கியாக இருக்கிறது. அடுத்தது, 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையமும் மூன்றாம் நபர் ஜாமீனும் கேட்காமல் இருப்பதற்காக, கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் அதில் 75 சதவீதத்துக்கு வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. இந்த உத்தரவாதம் வங்கிக்கே தவிர நமக்கு அல்ல. மாணவர் கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும், நம் கடன் தீர்ந்துவிடும் என்று நினைத்து இருந்துவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தேர்தல் வரும்போதெல்லாம் கல்விக் கடன் தள்ளுபடி பற்றிய பேச்சு எழும், அதை நம்பித் தவணையை நிறுத்துவார்கள், 90 நாள்கள் தாண்டியதும் கணக்கு வாராக்கடனாகிவிடும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் பிள்ளைக்குச் சரிவதோடு, இணைக் கடன்தாரரான தந்தையின் மதிப்பெண்ணும் சரிந்துவிடும். இரண்டாண்டு கழித்து அந்தத் தந்தை ஒரு இருசக்கர வண்டிக்குக் கூடக் கடன் வாங்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் தந்தைக்குக் கடன் புதிதல்ல. பாவும் ஊடையும் கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதை நெய்து கழிப்பதுதான் அவர் வாழ்க்கை முழுவதும் செய்தது. அம்மா பீடி சுற்றுகிறார். முன்பணத்துக்கு வட்டி இல்லை, ஆனால் அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. அதனால்தான் வங்கிக் கடன் என்றதும் அவர் முதலில் கேட்டது, "இதை வாங்கினா நீ எந்த வக்கீல்கிட்டயும் கட்டுப்பட்டு நிக்க வேணாம் இல்லம்மா?" என்பதுதான். வேண்டாம் அப்பா, வங்கிக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் கையெழுத்துப் போட்டார்.

அரசுச் சட்டக் கல்லூரி இடத்துக்கான தரவரிசையில் நான் சிறிது பின்தங்கிவிட்டதால், நுழைவுத் தேர்வு எழுதி ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் பி.ஏ., எல்எல்.பி. படிப்பில் சேர்ந்தேன். கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 1,26,000 ரூபாய்க்குச் சற்று மேலே. வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை நிரப்பி மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம். இந்த ஏற்பாடு உண்மையிலேயே பயனுள்ளது. விண்ணப்பம் பதிவாகி அதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டால், 'உங்கள் தாளே வரவில்லை' என்று எவரும் சொல்லிவிட முடியாது. இணைக்க வேண்டியவை மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கல்லூரியின் ஐந்தாண்டுக் கட்டண விவரம், அங்கே படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைட் சான்றிதழ், ஆதார், பான், தாசில்தார் வழங்கிய வருமானச் சான்றிதழ். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று படிகளைத் தாண்டி வர வேண்டியிருப்பதால், பிளஸ் டூ முடிவு வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இணையதளம் எவ்வளவு சீராக இருந்தாலும் முடிவு கிளையில்தான் எடுக்கப்படுகிறது. வீட்டுக்கு அருகில் இருந்த முதல் வங்கிக் கிளையில் என் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளவே தயங்கினார்கள். நாங்கள் வசிக்கும் தெரு அவர்களுடைய சேவைப் பகுதியில் வராது என்றார்கள்; பிறகு, சட்டம் படித்தால் வளாக நேர்காணலில் வேலை கிடைக்காதே, எப்படித் திருப்பிக் கட்டுவாய் என்றார்கள். முதல் காரணம் விதிக்கு முரணானது. சேவைப் பகுதி என்ற வரையறை கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் மூன்று வாரம் வீணாகியிருக்காது. மறுப்பதாக இருந்தால் அடுத்த மேல் அதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தைக் குறிப்பிட்டு மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் மாதிரித் திட்டத்தில் உள்ளது. ஆகவே வாய்மொழி மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "எழுதிக் கொடுங்கள் சார்" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் அந்தக் கிளையில் பேச்சின் தொனி மாறியது. பெற்றோரின் சிபில் மதிப்பெண் குறைவு என்று சொல்லி மறுக்கப்படுகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் காரணமாக வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்து வங்கியைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்றாலும், மேல்முறையீட்டுக் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவதில் பயன் உண்டு.

எனக்குக் கடன் கிடைத்தது மாவட்ட நிர்வாகம் ஆட்சியர் அலுவலகத்தில் நடத்திய கல்விக் கடன் முகாமில். வங்கிகளின் மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் நேரில் இருந்தார், நிராகரித்த வங்கியின் பெயரைக் கேட்டு அவரே எழுதிக்கொண்டார். ஒரு மேசையில் இருந்த கடன் பிரிவு அதிகாரி என் கட்டண விவரத்தை வரிக்கு வரி படித்து, கல்லூரிக்கு, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா, கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீடு இருக்கிறதா என்ற இரண்டையும் அங்கேயே சரிபார்த்தார். வட்டி மானியத்துக்கு அது முக்கியம் என்று அவர் சொன்னபோதுதான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. நல்ல வேளையாக என் கல்லூரிக்கு இரண்டும் இருந்தன. பதினெட்டு நாளில் 6 லட்சம் ரூபாய் அனுமதிக் கடிதம் வந்தது. 4 லட்சத்துக்கு மேல் போனால் செலவில் 5 சதவீதத்தை நாம் போட வேண்டும். அது ஆண்டுக்கு ஆறாயிரத்துச் சொச்சம், அதை அம்மா சங்கத்துச் சேமிப்பிலிருந்து தந்தார். கிளையில் கடைசி நாளன்று ஓர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். அது கட்டாயமா என்று கேட்டதற்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள், நாங்கள் எடுக்கவில்லை.

இந்தக் கடன் எதற்கெல்லாம் பணம் தருகிறது என்பதில் எனக்குப் பெரும்பாலும் நிறைவே. கல்விக் கட்டணம், தேர்வு, நூலகக் கட்டணம், விடுதி, புத்தகம், மடிக்கணினி ஆகிய எல்லாமே கணக்கில் வருகின்றன. கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போகிறது, புத்தகத்துக்கும் கணினிக்கும் ரசீது காட்ட வேண்டும். குறை ஓரிடத்தில்தான் இருக்கிறது, ஆனால் சட்ட மாணவருக்கு அது சின்னக் குறை அல்ல. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரங்கள், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்கள் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். வேலூரிலேயே செய்தால் பேருந்துக் கட்டணத்தோடு போகும்; உயர் நீதிமன்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் மாதக் கணக்கில் தங்க வேண்டும், ஒரு ரூபாய் உதவித்தொகை கிடைக்காது. பாரிமுனைக்குப் பக்கத்தில் நான்கு பெண்கள் பகிர்ந்துகொண்ட ஓர் அறையில் இரண்டு கோடைகள் தங்கினேன். படிப்பை முடிக்கத் தேவையான பிற செலவுகள் என்ற தலைப்பு மாதிரித் திட்டத்தில் இருக்கிறது; கல்விச் சுற்றுலா, திட்டப்பணி போன்றவை அதில் வரும். இன்டர்ன்ஷிப் செலவையும் அந்தத் தலைப்பில் சேர்க்கலாம் என்று எனக்கு நான்காம் ஆண்டில்தான் தெரிந்தது. தொடக்கத்திலேயே கல்லூரியிடம், ஆண்டுவாரியாக இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றும் அதற்கு ஆகும் உத்தேசச் செலவு இவ்வளவு என்றும் ஒரு கடிதம் வாங்கிக் கட்டண விவரத்தோடு இணைத்துக் கொடுத்திருந்தால், அனுமதித் தொகையிலேயே அது சேர்ந்திருக்கும். அனுமதி முடிந்த பிறகு தொகையைக் கூட்டுவது கிட்டத்தட்டப் புதிதாக விண்ணப்பிப்பது போன்ற வேலை.

வட்டி மானியம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். இந்தக் கடனின் முழு மதிப்பும் இதில்தான் அடங்கியிருக்கிறது, இதில்தான் கிளைகளின் கவனக்குறைவும் அதிகம் தெரிகிறது. மானியம் தானாக வராது. மாணவர் கொடுக்கும் வருமானச் சான்றிதழை வைத்துக் கிளை அதைப் பொறுப்பு வங்கியின் தளத்தில் பதிவேற்றி உரிமை கோர வேண்டும், அரசு ஒதுக்கிய பிறகு தொகை கணக்கில் வரவு வைக்கப்படும். இடையில் பல மாதங்கள் ஆகும். அதுவரை கணக்கு அறிக்கையில் வட்டி ஏறிக்கொண்டே இருப்பது போலத் தெரியும். இதனால் வட்டி ஏறுவதைப் பார்த்தும் நான் கவலைப்படவில்லை, எப்படியும் வந்துவிடும் என்றே இருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு விடுமுறையின்போது தந்தையோடு கிளைக்குப் போய்ப் பாஸ்புக் அச்சிட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது, இரண்டாம் ஆண்டுக்கான மானியம் வந்திருந்தது, முதலாம் ஆண்டுக்கானது வரவே இல்லை. கேட்டதற்கு, அந்த ஆண்டு அதிகாரி மாறியதில் என் பெயர் பட்டியலில் ஏறாமல் விட்டுப்போயிற்று என்றும், அந்த ஆண்டுக்கான கணக்கு முடிந்துவிட்டதால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்றும் சொன்னார்கள். 1,20,000 ரூபாய்க்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 10,800 ரூபாய். தந்தை அதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, "எத்தன லுங்கிம்மா அது" என்று மட்டும் கேட்டார்.

வருத்தம் எனக்கு அந்தத் தொகையால் மட்டும் வந்ததல்ல. ஓர் ஏழை மாணவரின் உரிமை ஓர் அலுவலர் மறந்துவிடாமல் இருப்பதைப் பொறுத்து நிற்கிறது. மறந்தால் அதைத் தெரிவிக்க ஒரு குறுஞ்செய்தி கூட வருவதில்லை. அதனால் என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்: ஒவ்வோர் ஆண்டும் வருமானச் சான்றிதழ் நகலையும் போனஃபைட் சான்றிதழையும் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் உள்ள நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் மானியம் வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், பதில் வராமல் ஒரு மாதம் கடந்தால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. உடல்நலக் காரணம் தவிர வேறு எதற்காகப் படிப்பைப் பாதியில் விட்டாலும் இந்த மானியம் பறிபோகும் என்பதையும், ஒருவர் இதை ஒரே ஒரு முறை, ஓர் இளநிலைப் படிப்புக்கோ முதுநிலைப் படிப்புக்கோதான் பெற முடியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மானியம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுகிறேன். அவள் தந்தை காட்பாடிப் பக்கத்தில் ஆசிரியர், வருமானம் 4.5 லட்சத்துக்கு மேல், எனவே மானியம் இல்லை. இருவரும் வாங்கியது ஆண்டுக்கு 1,20,000 வீதம் ஐந்து தவணையில் 6 லட்சம். மாறும் வட்டி என்பதால் உண்மையான விகிதம் ஏறி இறங்கியது. எளிமைக்காக 9 சதவீதம் என்று கொள்வோம். படிப்புக் காலத்தில் தனிவட்டிதான் சேரும். முதல் தவணைக்கு ஆறு ஆண்டு, இரண்டாவதற்கு ஐந்து, இப்படிக் கடைசித் தவணைக்கு இரண்டு ஆண்டு என்று கூட்டினால் வட்டி மட்டும் 2,16,000 ரூபாய். அது அசலோடு சேர்ந்து 8,16,000 ஆகி, பதினைந்து ஆண்டுத் தவணை மாதம் 8,276 ரூபாயாக அவளுக்கு நிற்கிறது. விட்டுப்போன முதலாம் ஆண்டு வட்டியையும் சேர்த்து என் கடன் 6,10,800. என் தவணை 6,195. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வேறுபாடு, அதுவும் 180 மாதங்களுக்கு. மானியம் கிடைக்காத குடும்பங்கள் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். முதல் ஆண்டில் அது மாதம் 900 ரூபாய்தான், இரண்டாம் ஆண்டில் 1,800, ஐந்தாம் ஆண்டில் 4,500. சம்பளம் வாங்கும் ஒரு வீட்டுக்கு இது இயலாத தொகை அல்ல. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை சலுகையும் மாதிரித் திட்டத்தில் உண்டு. மாணவியருக்குப் பல பொதுத்துறை வங்கிகள் 0.5 சதவீதம் குறைக்கின்றன, அதையும் கேட்டு வாங்க வேண்டும். கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சலுகை எட்டு ஆண்டுகள் வரை கிடைக்கும், பழைய வரி முறையில் மட்டும். ஜூனியர் வழக்கறிஞருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாததால் அதைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

அடுத்தது படிப்பு முடிந்த பின். 2023 ஜூனில் கடைசித் தேர்வு எழுதினேன். ஓராண்டு சலுகைக் காலம், அதன் பிறகு தவணை. அந்த ஓராண்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள்: தேர்வு முடிவுக்கும் தற்காலிகச் சான்றிதழுக்கும் காத்திருப்பு, பார் கவுன்சிலில் பதிவு, பிறகு வழக்கறிஞராகத் தொடர்வதற்காக 3,500 ரூபாய் கட்டி அகில இந்திய பார் தேர்வு. நான் பதிவு செய்தபோது பதிவுக் கட்டணமே பல ஆயிரங்கள் ஆனது, அதற்கு எந்தக் கடனும் கிடையாது. அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினோம். இன்றைக்குச் சேர்கிறவர்களுக்கு அந்தச் சுமை இருக்கக் கூடாது: 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக, அதாவது பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்துவிட்டது. படிக்கும்போது கடன் பணத்தில் வாங்கிய இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்று புத்தகங்களுக்கும் பதிலாக 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததால், என் முதல் தவணை தொடங்கிய அதே மாதத்தில் மூன்று புதிய புத்தகங்களையும் வாங்கினேன்.

ஜூனியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் என் சீனியர் மாதம் 8,000 ரூபாய் கொடுத்தார். இந்த ஊர் வழக்கத்துக்கு அது குறைவல்ல. பேருந்துச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு வாய்தா தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று கூறியது. அதை நடைமுறைப்படுத்தும் அளவுக்கு மாவட்ட நீதிமன்றங்களில் உள்ள எல்லா அலுவலகங்களிலும் வருமானம் இல்லை என்பதே நான் காண்பது. 8,000 ரூபாயில் 6,195 ரூபாய் தவணை போனால் மீதி 1,805. குடியாத்தத்திலிருந்து தினமும் போய்வரும் பேருந்துக்கும் கறுப்பு அங்கிக்கும் அது போதாது. ஏழு மாதம் தந்தைதான் பாதித் தவணையைக் கட்டினார். வட்டி மானியம் யாருக்கு வேண்டும் என்று அரசு சரியாகக் கணித்திருக்கிறது. அந்த மாணவர் எப்போது சம்பாதிக்கத் தொடங்குவார் என்பதைத்தான் படிப்புக்கு ஏற்றபடி கணிக்கவில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பொறியாளருக்கும் ஒரே ஓராண்டு என்பது நியாயமில்லை. வழக்கறிஞருக்கு அது குறைந்தது மூன்றாண்டாக வேண்டும், அந்த மூன்றாண்டுக்கும் மானியம் நீள வேண்டும். இது என் தனிக் கோரிக்கை அல்ல. எங்கள் நீதிமன்ற வளாகத்தில் கடனில் படித்து வந்த ஒவ்வொருவரும் தேநீர்க் கடையில் பேசுவது இதைத்தான்.

இருக்கிற விதிக்குள்ளேயே ஒரு வழி உண்டு என்பதை எனக்குச் சொன்னவர் கிளைக்குப் புதிதாக வந்த ஓர் உதவி மேலாளர். வேலையின்மை, அல்லது படிப்புக்கு ஏற்ற வருமானம் இல்லாத நிலை ஆகிய காலங்களில் கடன் காலம் முழுவதிலும் இரண்டு மூன்று முறை தவணைக்கு இடைவெளி தரலாம் என்று மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. சீனியரிடம் வருமானம் குறித்து ஒரு கடிதம், பார் கவுன்சில் அடையாள அட்டை நகல், பார் தேர்வுச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்து 2025 தொடக்கத்தில் விண்ணப்பித்தேன். ஆறு மாதம் கொடுத்தார்கள். இடைவெளிக் காலத்தில் வட்டி ஏறும், அதை மானியம் ஈடுகட்டாது, ஆகவே முடிந்த மாதங்களில் வட்டி அளவாவது கட்டினேன். அந்த ஆறு மாதத்தில்தான் எனக்கென்று சில வக்காலத்துகள் வரத் தொடங்கின. தவணை தவறிய பிறகு போய்க் கேட்பதும் தவறும் முன் போய்க் கேட்பதும் வங்கியில் இரண்டு வேறு உரையாடல்கள். முன்னதில் நீங்கள் கடன் பாக்கிக்காரர், பின்னதில் வாடிக்கையாளர்.

இப்போது விண்ணப்பிப்பவர்களுக்குப் பிரதம மந்திரி வித்யாலட்சுமி என்ற திட்டம் கூடுதலாக இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 6 அன்று ஒப்புதல் அளித்த இதில், தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்குப் பிணையமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில், சலுகைக் காலம் முடியும் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு இது என்று வரையறுத்திருக்கிறார்கள். என் தோழியின் வீட்டைப் போல 4.5 லட்சத்துக்கும் 8 லட்சத்துக்கும் இடையே நின்று எந்த உதவியும் பெறாத குடும்பங்களுக்கு இது முதல் கதவு, அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தொடங்கியபோது தகுதி பெற்ற நிறுவனங்கள் 860 மட்டுமே. பட்டியல் ஆண்டுதோறும் தரவரிசையைப் பொறுத்து மாறும். எனவே கல்லூரியின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதை நம்பிக் கணக்குப் போட வேண்டும். வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர்களுக்கு இந்த மானியம் கிடையாது என்ற நிபந்தனையும் இருக்கிறது.

கடனே வேண்டியிராத மாணவர்கள் கடன் வாங்கிவிடுவதையும் பார்க்கிறேன். காட்பாடியில் அரசுச் சட்டக் கல்லூரி 2008 முதல் இயங்குகிறது. அங்கே ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துச் சிறுபான்மைக் குடும்பங்கள் அவர்களுக்கான மாநில அரசுக் கழகமான டாம்கோவையும், பட்டியல் சாதிக் குடும்பங்கள் அவர்களுக்கான கழகமான தாட்கோவையும் வங்கிக்குப் போகும் முன் ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது. அங்கே வட்டி குறைவு. தனியார் கல்லூரியின் கட்டிடத்தையும் குளிரூட்டிய மாதிரி நீதிமன்ற அறையையும் பார்த்து மயங்கி, காட்பாடி இடத்தை விட்டுவிட்டு 10 லட்சம் கடனில் போய்ச் சேர்ந்த ஒருவர் இப்போது அதே சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இரு கல்லூரிகளின் பட்டத்துக்கும் இங்கே மதிப்பு ஒன்றுதான்.

பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், படிப்புக்கு நிதி தரும் திட்டம் என்ற அளவில் இதற்கு எட்டு கொடுப்பேன். கிளைகளின் நடைமுறைக்கு ஐந்து. சட்டம் படித்தவர் திருப்பிக் கட்டும் ஏற்பாட்டுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் இன்னொருவரின் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறாள். சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள், காட்பாடியில் இடம் கிடைத்தால் போதும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கிடைத்தால் மடிக்கணினிக்கும் புத்தகத்துக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் கடன் கேட்பதாகத் திட்டம். அவள் தந்தை என்னிடம் எந்த வங்கி நல்ல வங்கி என்று கேட்டார். எந்த வங்கியாக இருந்தாலும் சரி அண்ணா, வருமானச் சான்றிதழில் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் முத்திரை வாங்கி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை அவரோடு நானும் இ-சேவை மையத்துக்குப் போகிறேன்.